புகாரை யாருக்கு எழுதுவது? மியூசிக் தெரபிஸ்டுகளுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மகனுக்கு மியூசிக் தெரபி முடிந்து ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் ஒரு தாளை நீட்டினார். எங்கள் மாநிலத்தில் இசைச் சிகிச்சையாளர்களுக்கு லைசென்ஸ் கொண்டுவர வேண்டும் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம். எல்லாம் அச்சாகியிருந்தது, என் பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் கோடு விட்டிருந்தார்கள். "படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், அவசரமில்லை" என்றார். அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருடத்தில் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நான் கடிதம் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடிதம் விஷயத்தை லைசென்ஸ் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. தேடத் தேடத்தான் தெரிந்தது, மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு வேறு. ஒரு மாநிலத்தில் பட்டப்பெயருக்கு மட்டும் காவல், இன்னொன்றில் வெறும் பதிவேடு, மற்றொன்றில் மாநிலச் சான்று, சிலவற்றில் முழு உரிமம். நியூயார்க்கில் முதுகலை இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பல மாநிலங்களில் எதுவுமே கிடையாது. இதில் எதற்குக் கையெழுத்துப் போடுவது என்று முடிவுசெய்ய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. என்னைப் போலக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கும், இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்று எழுதிவைக்கிறேன்.

மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. தெரபிஸ்ட் கிதாரை எடுத்து வணக்கப் பாட்டு ஒன்று பாடுவார். கடைசி வரியில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். கிதாரும் நின்றுவிடும். அவன் ஜன்னலைப் பார்ப்பான், சட்டை நுனியைக் கடிப்பான். அவர் அசையமாட்டார். முதல் மாதம் முழுக்க அந்த இடம் காலியாகவே போனது. ஏழாவது வாரம் பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்தது. எத்தனை விநாடி காத்திருந்தார், அவனிடமிருந்து என்ன வந்தது என்று பக்கத்திலிருக்கும் தாளில் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பாட்டு வகுப்பு மாதிரிதான் தெரியும். அந்தத் தாளைப் பார்த்தால்தான் இது சிகிச்சை என்று புரியும்.

"பாட்டுப் பாடுகிறதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும், இதற்கெல்லாமா கவர்மென்ட்?" என்று என் கணவர் கேட்டார். சட்டமன்றங்களிலும் முதலில் கேட்பது இதைத்தான். கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் ஒரு தொழிலைப் புதிதாக ஒழுங்குமுறைக்குள் கொண்டுவருவதற்கு முன் 'சன்ரைஸ் ரிவ்யூ' என்ற ஆய்வு நடக்கும். சட்டம் இல்லாததால் மக்களுக்குத் தீங்கு உண்டா, இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா என்பவைதான் அதில் மையக் கேள்விகள். தீங்கு உண்டு. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி சொல்லியிருக்கிறது. அங்கே தாலாட்டைக்கூட அளந்துதான் பாட வேண்டும். இசை கேட்டு வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் டூசானில் தலையில் குண்டு பாய்ந்து பேச்சை இழந்த, அப்போதைய அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸுக்குச் சொற்களை மீட்டெடுக்கப் பாட்டைப் பயன்படுத்தினார்கள். மூளைக் காயத்தோடு இருப்பவரிடம் அந்த வேலையைச் செய்பவருக்கு, கிதார் வாசிப்பதற்கு மேல் நிறையத் தெரிந்திருக்க வேண்டும்.

தீங்குக்கு என்னிடமே சொந்தக் கதை ஒன்று உண்டு. இந்தத் தெரபிஸ்ட் கிடைப்பதற்கு முன்பு வேறொருவரிடம் போனோம். கார்டில் 'சவுண்ட் ஹீலிங், சிறப்புக் குழந்தைகளுக்கு' என்று போட்டிருந்தது. உலோகக் கிண்ணங்கள், ஒரு பெரிய டிரம், மணிக்கு 90 டாலர். முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார். 'சிகிச்சை இலக்குகள்' என்று தலைப்பு. எட்டு வாரத்தில் கண்ணைப் பார்ப்பான், பன்னிரண்டு வாரத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவான் என்று வரிசையாக இருந்தது. மூன்றாவது முறை டிரம்மை அடித்தபோது மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். உள்ளே அடைந்திருப்பது வெளியே வருகிறது என்று சொல்லி அவர் இன்னும் பலமாக அடித்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் மிக்ஸி போட்டால்கூட அலறினான்.

புகார் எழுத உட்கார்ந்தேன். யாருக்கு? அவர் டாக்டர் இல்லை, ஆகவே மருத்துவ வாரியத்துக்கு வேலையில்லை. எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. அந்தக் கடிதம் பெறுநர் பெயர் இல்லாமலே லேப்டாப்பில் கிடந்தது. அதனால் ஒவ்வொரு சட்ட வகையையும் நான் இந்த ஆளின் கார்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

முதலில், சட்டமே வேண்டாம் என்ற வழி. இதைக் கேலியாக ஒதுக்க முடியாது. இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதற்குமான தரம் ஏற்கெனவே இருக்கிறது. 1983-இல் தொடங்கிய தனியார் சான்று வாரியம் ஒன்று தேர்வு நடத்துகிறது: 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தேர்வுக்கு உட்காரவே இளங்கலைப் படிப்பும் 1,200 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் எம்டி-பிசி (வாரியச் சான்று பெற்ற மியூசிக் தெரபிஸ்ட்) என்று போட்டுக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 100 புள்ளிக்குத் தொடர்கல்வி காட்டிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். நாடு முழுக்கச் சேர்த்தாலும் இவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்தான். கலிஃபோர்னியாவில் 2015-இல் இந்தப் பட்டத்துக்குப் பாதுகாப்பு கேட்டு மசோதா நிறைவேறியபோது ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தனியார் வாரியமே தரத்தை வரையறுத்திருக்கும்போது அரசு எதற்குச் சட்டப் புத்தகத்தில் இன்னொரு குற்றத்தைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே வருடம் ஜூலையில் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை ஒன்றும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1950-களில் வேலைக்கு மாநில லைசென்ஸ் தேவைப்பட்டவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவாம். அந்த அறிக்கை வந்தபோது தொழிலாளர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு லைசென்ஸ் தேவைப்பட்டது. பூ அலங்காரம் செய்யக்கூட லைசென்ஸ் கேட்ட மாநிலம் உண்டு, லூசியானா.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியார் வாரியம் தான் கொடுத்த எழுத்துகளை மட்டுமே திரும்ப வாங்க முடியும். எழுத்தை இழந்தவர் அடுத்த வாரமே வேறு பெயரில் கடை திறந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. என் டிரம் ஆசாமிக்கோ இழக்க எழுத்தே இல்லை.

பட்டப்பெயர்ப் பாதுகாப்பு இரண்டாவது. கனெக்டிகட் 2016-இல் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் முன்பு மசோதா திரும்பி வந்த உறுப்பினரே மறுபடி ஒன்றைக் கொண்டுவந்து, 2019-இல் புது ஆளுநரிடம் கையெழுத்து வாங்கினார். சான்று இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் அது முறையற்ற வணிக நடவடிக்கை. அவ்வளவுதான் சட்டம். வாரியம் இல்லை, கட்டணம் இல்லை, அரசுக்குச் செலவும் இல்லை. பெற்றோருக்கு ஒரு நன்மை உண்டு: அந்தப் பட்டத்தோடு ஒருவர் நின்றால், அதற்குப் பின்னால் 1,200 மணி நேரம் இருக்கிறது என்று நம்பலாம். சிகிச்சையாளர்களும் இதை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது கார்டை எடுத்துப் பார்க்கிறேன். 'சவுண்ட் ஹீலிங்.' மியூசிக் தெரபி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. பட்டத்தைத் திருடாதவரைப் பட்டச் சட்டம் தொடாது. ஆளும் டிரம்மும் அப்படியே இருப்பார்கள். பிரிட்டனிலும் பாதுகாப்பு பட்டப்பெயருக்குத்தான், ஆனால் அங்கே கூடவே நாடு முழுவதற்குமான ஒரு பதிவேடும், அதை நடத்தும் சட்டபூர்வ அமைப்பும், புகார் விசாரணையும் உண்டு. அது வேறு ரகம். கலிஃபோர்னியாவில் இருப்பது கதவில்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை.

பதிவேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோட் ஐலண்ட் 2014-இல் ஏற்படுத்தியது. விஸ்கான்சினில் இசை, ஓவியம், நடனம் மூன்று சிகிச்சையாளர்களுக்கும் பதிவு முறை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. யூட்டா ஒரு படி மேலே போய் 2014-இல் மாநிலச் சான்று என்று வைத்தது. வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாங்கினவர் மட்டுமே 'மாநிலச் சான்று பெற்ற' என்று போட்டுக்கொள்ளலாம். அவரைப் பற்றிய புகாரை மாநிலம் கேட்கும். யூட்டா வழி எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது, அதை ஒப்புக்கொள்கிறேன். மலிவு, யாரையும் துரத்தாது, புகாருக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஒரு வாரம் இதிலேயே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த முகவரி, சான்று வாங்கிய நல்லவர்கள் மேல் புகார் சொல்லத்தான். வாங்காதவர் மேல் சொல்ல இல்லை.

உரிமத்துக்கு வருவோம். நார்த் டகோட்டாவும் நெவாடாவும் 2011-இல் தொடங்கின. ஜார்ஜியா 2012, ஓரிகன் 2015, ஓக்லஹோமா 2016, நியூஜெர்சி 2020. பிறகு வர்ஜீனியா, மேரிலாந்து, இல்லினாய் என்று போகிறது. பெரும்பாலானவை ஒரே அச்சு: இளங்கலை, 1,200 மணி நேரப் பயிற்சி, அந்தத் தேசியச் சான்று. மாநிலம் புதிதாகத் தேர்வு வைப்பதில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இந்தச் சட்டங்கள் பெயரோடு நிற்காமல் வேலையையும் வரையறுக்கின்றன. ஜார்ஜியா சட்டத்தைப் படித்தால், இசையைக் கொண்டு ஒரு தனிநபருக்கென இலக்குகள் வகுத்து, சிகிச்சைத் திட்டம் போட்டு, அதன்படி செய்வதுதான் மியூசிக் தெரபி. அதை உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. டிரம் ஆசாமியின் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'சிகிச்சை இலக்குகள்', குழந்தையின் பெயர், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம். கார்டு தப்பிக்கும், தாள் மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் படுக்கைப் பக்கத்தில் ஹார்ப் வாசிக்கிறவர், தேவாலயத்தில் பாடுகிறவர், முதியோர் இல்லத்தில் பஜனை நடத்தும் நம்ம ஊர் மாமிகள் எல்லாம் குற்றவாளிகளா? இல்லை. தங்களை மியூசிக் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளாதவரை, வேறு பயிற்சி பெற்று அந்தப் பயிற்சிக்குள் இசையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சட்டங்களில் விலக்கு எழுதியிருக்கிறார்கள். என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'ஆனந்தபைரவி கேட்டால் பிரஷர் இறங்கும்' செய்திக்கும் ஆபத்தில்லை. (எனக்கு இறங்கியதில்லை. ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.) இந்த விலக்கு எவ்வளவு அகலம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அகலமாக எழுதினால் டிரம் ஆசாமி அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடுவார். குறுக்கி எழுதினால் ஹார்ப் வாசிக்கிற பாட்டி மாட்டிக்கொள்வார். எங்கள் மசோதாவில் நான் முதலில் படித்தது அந்தப் பத்தியைத்தான்.

பக்கத்துத் தொழில்காரர்களின் பயமும் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள், எங்கள் வேலையில் கை வைக்கிறார்கள் என்று கேட்பார்கள் அல்லவா? அதனால் சில மாநிலச் சட்டங்களில், பேச்சுக் குறைபாடு உள்ளவருக்கு இசைச் சிகிச்சை தருபவர் அவருடைய பேச்சுப் பயிற்சியாளரோடு கலந்து செய்ய வேண்டும் என்று ஒரு விதி. எரிச்சலான விதி என்று சிகிச்சையாளர்கள் சொல்லலாம். அம்மாவாக எனக்கு அது வரம். என் மகனுடைய இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நான் எத்தனை மெயில் அனுப்பியிருப்பேன்!

சரி, உரிமத்தை யார் கொடுப்பது? பதில்கள் சிரிப்பை வரவழைக்கும். ஓக்லஹோமாவில் மருத்துவ வாரியம். வர்ஜீனியாவில் சமூகப்பணி வாரியம். மேரிலாந்தில் ஆலோசகர்கள் வாரியம். நார்த் டகோட்டாவில் இயற்கை மருத்துவர்களோடு சேர்த்து ஒரே வாரியம். வீடு தேடும் சின்ன மருமகள் மாதிரி எங்கே இடம் கிடைத்ததோ அங்கே குடியேறியிருக்கிறார்கள். ஆனால் இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. வாரியத்தின் செலவு பெரும்பாலும் உரிமக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு மாநிலத்தில் 70 தெரபிஸ்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி வாரியத்துக்கு வருடம் 70,000 டாலர் ஆனால் தலைக்கு 1,000 டாலர். அதை அவர்கள் என்னிடம்தான் வசூலிப்பார்கள். இருக்கிற அலுவலகத்தில் ஒரு மேஜையும், ஆலோசனை சொல்ல ஒரு சிறு குழுவும் போதும். குழுவில் யார் என்பதும் முக்கியம். நார்த் கரோலினாவில் பல் மருத்துவர்களே நிறைந்த வாரியம், பல் வெளுக்கும் கடைகளை மிரட்டி மூடவைக்கப் பார்த்தது. அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல் தொழில்காரர்களே நடத்தும் வாரியம், வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பாட்டுத் தொழிலிலும் அந்தப் புத்தி வராது என்று சொல்ல முடியாது.

நியூயார்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இசை, ஓவியம், நடனம், நாடகம், கவிதை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படைப்புக் கலைச் சிகிச்சையாளர் என்று ஒரே உரிமம். முதுகலைப் பட்டமும், அதற்குப் பிறகு 1,500 மணி நேர மேற்பார்வைப் பணியும் கட்டாயம். அதற்கான காரணம் புரிகிறது. அங்கே இவர்களை மனநலச் சிகிச்சையாளர்கள் வரிசையில் வைத்திருக்கிறார்கள், அந்த மரியாதைக்கு அந்த விலை. ஆனால் ஜார்ஜியாவில் இளங்கலையோடு உரிமம் வாங்கி வேலை பார்த்தவர், கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தால், மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டும். இந்தப் படிப்பில் சேர நினைக்கிற பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எந்த மாநிலத்தில் இருக்கப் போகிறீர்கள்? நியூயார்க் என்றால் ஆறு வருடப் படிப்புக்குப் பணம் எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கள் ஊர் போன்ற இடத்தில் அந்தத் தரம் வந்தால் இருக்கிற நாலு பேரும் இடம் மாறிவிடுவார்கள், காத்திருப்போர் பட்டியல் இரண்டு வருடமாகிவிடும். நர்ஸுகளுக்கு இருப்பது போல மாநிலங்களுக்கிடையே செல்லும் ஒப்பந்த உரிமமும் இவர்களுக்குக் கிடையாது. வீடியோவில் பக்கத்து மாநிலக் குழந்தைக்குப் பாடினாலும், குழந்தை இருக்கிற மாநிலத்து உரிமம் வேண்டும்.

கடைசியாகக் காசு. அச்சடித்த கடிதத்தில் 'உரிமம் வந்தால் காப்பீடு கிடைக்கும்' என்று ஒரு வரி இருந்தது. நான் கோடு போட்டு அடித்தது அந்த வரியைத்தான். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் மியூசிக் தெரபிக்கு இடம் இருப்பதே பகல்நேர மருத்துவமனைத் திட்டம் போன்ற குறுகிய சந்துகளில், மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மாநில உரிமத்தைப் பார்த்து உடனே பணத்தை நீட்டுவதில்லை. மறுபக்கம், இண்டியானா, டெக்சஸ் இரண்டிலும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் சிறப்புத் திட்டங்கள் உரிமச் சட்டம் இல்லாமலே, தேசியச் சான்றை வைத்து, மியூசிக் தெரபிக்குப் பணம் கொடுத்திருக்கின்றன. பள்ளி விஷயத்தில் மட்டும் உண்மையான லாபம் இருக்கிறது. சிறப்புக் கல்விச் சட்டத்தில், குழந்தைக்குத் துணைச் சேவை தருபவர் அந்தத் தொழிலுக்கு மாநிலம் வைத்திருக்கும் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். மாநிலத்தில் அப்படி ஒரு தகுதியே இல்லாதபோது, "இது எங்கள் பட்டியலில் இல்லையே" என்று பள்ளி அதிகாரி சொல்வது சுலபம். அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் நான் எழுதிய கடிதம் இப்படி: உரிமம் வேண்டும். இளங்கலையும் தேசியச் சான்றும் போதும், முதுகலை வேண்டாம். தனி வாரியம் வேண்டாம், இருக்கிற சுகாதார அலுவலகத்தில் வையுங்கள். ஆலோசனைக் குழுவில் குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்கட்டும். விலக்குப் பத்தியில், தனிநபருக்குச் சிகிச்சை இலக்கு எழுதித் தருகிற யாரும் வரக் கூடாது. இதெல்லாம் நடக்காது, பட்டப் பாதுகாப்பு மட்டும்தான் கிடைக்கும் என்றால் அதையும் எடுத்துக்கொள்வேன், ஆனால் அதைக் காட்டி வேலை முடிந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த செவ்வாய் தெரபிஸ்டிடம் கொடுத்தேன். காப்பீட்டு வரியை அடித்திருப்பதைப் பார்த்து முகம் கொஞ்சம் சுருங்கியது. "அந்த வரிக்காகத்தான் நிறையப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்" என்றார். தெரியும் என்றேன். கட்டணம் எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்கள் என்று அவரே என்னைக் கேட்டார். அவருக்கும் அந்தக் கவலை இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் கிடந்த பழைய புகாரைத் திறந்தேன். பெறுநர் இடத்தில் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைப் போட்டு, டிரம், மேஜை, மிக்ஸி எல்லாம் அப்படியே இருக்க, அந்தத் தாளின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது.